கெட்டி ரத்தம்

ராசு வெள்ளை வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ரென்று ஒரு நாடா கிழித்தார். பெஞ்சில் கிடத்தியிருந்த தம்பி சென்னியப்பனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து உடலை இறக்கியதுமே பந்தல்காரன், மேளக்காரன் எல்லோரையும் போனில் அதட்டி வரச் சொல்லிவிட்டார். பெரியப்பா ராசுவின் இந்தச் சுறுசுறுப்பைப் பார்க்கப் பார்க்கத் தேவிப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாம் அவன் விதிங்க. நேத்துக்கூட ஈரல் சாறு குடிச்சுப்போட்டு நல்லாத்தான் பேசிட்டிருந்தான்," என்று வாசலில் நின்றவர்களிடம் சொன்னார்.

விதியாம்!

அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். பஸ்ஸை விட்டு இறங்கிப் பட்டறைக்கு நடப்பதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிவிட்டது, இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தம் சீக்கிரம் உறையும், காலிலோ நெஞ்சிலோ அடைத்துவிடும் என்று சேலத்து டாக்டர் மாத்திரை எழுதினார். "ரத்தத்தத் தண்ணியாக்குற மாத்திரை," என்று நர்ஸ் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தைதான் வினையாயிற்று.

ஒரு நாள் பல் விளக்கும்போது அப்பாவுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. பெரியப்பா பதறிப்போய் அம்மாவிடம் வந்தார்.

"ரத்தம் தண்ணியாப் போனா மனுசன் எப்படி எந்திரிச்சு நடப்பான்? ஏம்புள்ள மாரக்கா, அந்தக் கருமத்த நிறுத்து. ஈரலும் பீட்ரூட்டும் குடு. ரத்தம் கெட்டியாவட்டும்."

"டாக்டரக் கேக்காம நிறுத்தாதீங்க பெரியப்பா!"

"நீ கோழித்தீவனக் கம்பெனில வேல பாக்கறவ. டாக்டராட்டப் பேசாத சாமி," என்று சிரித்தார். அம்மா மாத்திரையை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டு ஈரல் வாங்கப் போனாள்.

இன்று காலை அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாத்திரை நின்றுபோனதை ஆஸ்பத்திரியில் தேவிப்ரியா சொன்னதும், டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" அம்மா வெளியே இருந்தாள். அவள் காதில் அது விழவில்லை.

அதையே இத்தனை பேர் முன்னால் இவரைக் கேட்டுவிட வேண்டும்.

"பெரியப்பா!"

அவர் நிமிர்ந்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவும் நிமிர்ந்தாள். ஈரல் சாற்றுக்கு அரைத்த மஞ்சள் அவள் நகக்கண்ணில் இன்னும் போகவில்லை. இவரைக் கேட்டால் அது அம்மாவைக் கேட்டதாகிவிடும். அவள் தாங்கமாட்டாள்.

"என்ன சாமி?"

"ஒண்ணுமில்லீங்க."

அப்பாவின் இடது கட்டைவிரல் நாவல்பழமாகக் கறுத்திருந்தது. பெரியப்பா இரண்டு விரல்களையும் சேர்த்து நாடாவைச் சுற்றி, வெடுக்கென்று இழுத்தார்.

"இறுக்காதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் வாசலே திரும்பிப் பார்த்தது. பெரியப்பாவின் கையைத் தட்டிவிட்டு, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து முடிச்சைப் பிரித்தாள். கறுத்த விரலைக் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டாள். பிறகு நடுவில் தன் சுண்டுவிரலை வைத்து, இடம் விட்டு, தளரக் கட்டினாள்.