கையை விடாத ஐந்தாம் வகுப்பு

1.

ஒரு பொறியாளர் வராமல் போனதால் பிறந்த கதை இது. ஓஹையோவில், டயருக்குப் பேர்போன ஏக்ரன் நகரத்தில், ஐந்தாம் வகுப்பு எடுக்கிறாள் காலீன் வார்கா. பாலிமர் பாடத்துக்கு அவள் அழைத்திருந்த பொறியாளர் கைவிட்டுவிட்டார். நான் அவள் பக்கத்து வீடு. கல்லூரியைப் பாதியில் விட்டவன், இரவு ஷிஃப்டில் பிளாஸ்டிக் பை இயந்திரம் ஓட்டுபவன். தூங்கப் போனவனை அந்தப் பொறியாளருக்குப் பதிலாக இழுத்துப் போனாள்.

"வாயத் திறக்காத ரஸ், சும்மா நில்லு. பிரின்சிபால் வந்து பாடத்தப் பார்க்கப் போறார். புடிக்கலன்னா என்னைய வேலைய விட்டுத் தூக்கற கடுதாசில மூணு மணிக்குள்ள கையெழுத்துப் போடுவார், என் வேலை காலி. அதுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். போடலன்னா வேலை தானா நீடிக்கும்."

2.

நான் முதலில் எழுதிய தொடக்கம்: 'நம்மைச் சுற்றி எங்கும் பாலிமர்கள். தண்ணீர் பாட்டில், டயர், நீங்கள் மென்று மேசைக்கு அடியில் ஒட்டிய—'

வேண்டாம். காலீனும் இப்படித்தான் தொடங்கினாள். யாரும் கேட்கவில்லை.

"உங்க ஷூ பாலிமர். உங்க முடி பாலிமர்."

"பிரின்சிபால் சார் முடி?" என்றான் டெஷான்.

"அதுவும்தான்."

"அது டோப்பாவாச்சே மிஸ்."

"டோப்பாவும் பாலிமர்தான்டா. சின்னச் சின்ன மூலக்கூறுங்க கைகோத்து நிக்கற நீளச் சங்கிலிதான் பாலிமர். எல்லாரும் எந்திரிங்க. ஆளுக்கு ஒரு மூலக்கூறு, ரெண்டு கை. பக்கத்துல இருக்கறவங்க கையப் பிடிங்க. பிடிச்சா விடக்கூடாது."

(எப்போது விடலாம் என்று அவள் சொல்லவில்லை. பாடம் எடுப்பவர்கள் சங்கிலியின் தொடக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கரும்பலகையை அழித்துவிடுவார்கள்.)

3.

பள்ளி முதல்வர் ஸ்டாம்பா உள்ளே வந்து எனக்குக் கைகொடுக்க வலது கையை நீட்டினார். நடுவில் அதை டெஷான் பிடித்துக்கொண்டான்.

"விடுப்பா."

"முடியாது சார். நான் பாலிமர்."

இடது கையால் கதவைத் திறக்கப் போனார். உள்ளே வந்த சமையல்காரம்மா அந்தக் கையைப் பிடித்தாள். அவளை அடுத்த வகுப்பு பிடித்தது. வகுப்பு தபால்காரரைப் பிடித்தது. சூடாக்கினால் பிளாஸ்டிக் இளகும் என்று யாரோ ஹீட்டரைக் கூட்டினார்கள். எல்லோருக்கும் வியர்த்ததுதான் மிச்சம்.

"மிஸ் வார்கா, இத நிறுத்துங்க!"

"பாடத்த நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க சார்," என்றாள் காலீன். அவள் கண் கையெழுத்துப் போடும் அவருடைய வலது கையின் மேல் இருந்தது.

அப்போது டெஷான் கேட்டான்: "மிஸ், இது எப்பதான் முடியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஒரே ஒரு கை மட்டும் காலியா இருக்கற யாராச்சும் வந்து சேர்ந்தா முடியும்," என்றாள் காலீன். "அடுத்த ஆள் பிடிக்க இன்னொரு கை இருக்காதே. அப்புறம் எல்லாரும் விட்டுடலாம்."

4.

இந்த இடத்தில் வெர்ன் என்றொரு துப்புரவுப் பணியாளரை எழுதினேன். டயர் தொழிற்சாலை அச்சு இயந்திரத்தில் ஒரு கையை இழந்தவர். அவர் வந்து முடித்துவைப்பதாக—

அந்த வரியை அடித்துவிட்டேன். என் வசதிக்காக ஒரு மனிதனின் கையை வெட்டியிருக்கிறேன். வெர்ன் இப்போது இரண்டு கையோடும் சங்கிலியில் நிற்கிறார். "எழுதறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டியா?" என்கிறார்.

இன்னொரு முடிவு: முதல்வர் மனம் உருகிக் காலீனைப் பாராட்டுகிறார். அந்த ஆள் உருக மாட்டார். ஹீட்டர் போட்டுப் பார்த்தாயிற்று.

5.

மணி இரண்டு ஐம்பது. சங்கிலி பள்ளி வாசலைத் தாண்டிவிட்டது. கடைசியில் நிற்பவள் மக்கென்னா என்ற சிறுமி. அவள் கையை நீட்டியிருப்பது உங்களிடம்.

உங்கள் ஒரு கையில் நீங்கள் படிக்கும் இந்தக் கதைப் பக்கம் இருக்கிறது. அப்படியே மறுகையைக் கொடுத்தால் சங்கிலி முடியும். ஸ்டாம்பாவின் வலது கை விடுபடும். அவர் சட்டைப் பையில் பேனா இருக்கிறது.

பக்கத்தைக் கீழே வைத்தால் உங்களுக்கும் இரண்டு கை, சங்கிலி நீண்டுகொண்டே போகும். மூன்று மணி ஆகும், காலீன் தப்பிப்பாள். அதை உங்களால் படிக்க முடியாது.

"சீக்கிரம் முடிவு பண்ணுங்க," என்கிறாள் மக்கென்னா. "எனக்கு மூக்கு அரிக்குது."