நாற்பதாவது படிவம்

'மூணு' என்ற சொல்லைக் கேட்டாலே வீரலட்சுமிக்கு எரிச்சல் வந்தது. பதினோரு நாளாக ஊர் ஊராக அலைந்து அவள் வாங்கிய பதில்களில் முக்கால்வாசி அதுதான்.

'இணையவழி வங்கி மோசடி குறித்துத் தங்களுக்குள்ள விழிப்புணர்வின் அளவை ஒன்று முதல் ஐந்து வரை குறிப்பிடுக' என்று டேப்லெட்டைப் பார்த்து வாசிப்பாள். எதிரே இருப்பவர் அவள் முகத்தையே பார்ப்பார். இந்தக் கேள்வியை எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது இந்தப் பக்கம் வந்திருப்பானா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, தனக்குத் தெரிந்த தமிழில் விளக்குவாள். "ஓ, அதுவா? நடுவுல போட்டுக்குங்க, மூணு" என்பார்கள். ஒன்று என்றால் விவரம் கெட்டவன் ஆகிவிடுவோம். ஐந்து என்றால், அப்படி என்ன தெரியும் என்று குடைந்து கேட்பாள். மூன்றில் எந்த வம்பும் இல்லை.

வீரலட்சுமி அருப்புக்கோட்டைக்காரி. புருஷன் அழகர்சாமிக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை. வங்கி மோசடியைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும் என்று கணக்கெடுக்கும் ஒரு ஆய்வு நிறுவனத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுத் தந்த நாற்பது வீடுகளில் நாற்பது படிவம் முடிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்தக் கட்டும் செல்லாது. முடித்துவிட்டால் அடுத்த மாதம் முதல் சூப்பர்வைசர் வேலை, மாதச் சம்பளம். முடிக்காவிட்டால் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

மூன்று போடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளை நொந்து நூலாக வைத்தது முப்பத்தோராவது கேள்வி. 'முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால் சொல்வீர்களா?'

"சேச்சே! அதெப்பிடிங்க சொல்லுவோம்?" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். டிவியில் சொல்கிறார்கள், பேங்கில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், போனை எடுத்தாலே அதைத்தான் சொல்கிறார்கள் என்று அவளுக்கே பாடம் எடுத்தார்கள். படிவத்தின் கடைசியில், வீட்டுக்குப் போனது உண்மைதான் என்று நிரூபிக்க, பதில் சொன்னவரின் போனுக்கே ஒரு ஓ.டி.பி. போகும். அதை வாங்கிப் போட்டால்தான் படிவம் ஏறும். "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பாள் வீரலட்சுமி. சொல்லிவிடுவார்கள். ஓசூர் லைன் வீட்டில் ஒருத்தர் குளியலறைக்குள் இருந்தபடியே, "பிரியா, அந்த மெசேஜப் பாத்து அக்காக்கு நம்பரச் சொல்லு" என்று கத்தினார். ஐந்து நிமிடம் முன்னால்தான் அதே மனிதர், ஓ.டி.பி. சொல்கிறவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றிருந்தார்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். இப்படியே முப்பத்தொன்பது வீடு முடிந்துவிட்டது.

நாற்பதாவது வீடு குருபரப்பள்ளியில். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர், மாந்தோப்பை ஒட்டித் தகரக் கொட்டகை போட்ட வீடு. கடைசி நாள், மதியம் இரண்டு மணி. நான்கு மணிக்குப் பிறகு படிவம் ஏறாது.

கொட்டகையில் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் மாங்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள் நஞ்சம்மா. ஐம்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு தோப்பைத் தனியாளாகப் பார்க்கிறவள். வீரலட்சுமியின் கழுத்தில் தொங்கிய அட்டையை எழுத்துக் கூட்டி முழுக்க வாசித்தாள். பிறகு ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, "உக்காரு கண்ணு. கேளு" என்றாள்.

"உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள..."

"அஞ்சு."

வீரலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அஞ்சே போடு. பட்டவளுக்குத் தெரியாம வேற எவளுக்குத் தெரியும்?" நஞ்சம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "போன வருசம் இதே மாசம், உன்னாட்டம் ஒரு பொண்ணு வந்தா. கழுத்துல இதே மாதிரி அட்ட, கையில இதே மாதிரி பலக. மாமரத்துக்கு மானியம் வருதுன்னு கணக்கெடுக்க வந்தேன்னா. தோப்பு பூரா சுத்தி மரத்தத் தொட்டுத் தொட்டு எண்ணினா கண்ணு. யாரு அப்பிடி எண்ணுவாங்க? அதுலதான் நான் நம்பிட்டேன். மோரு குடுத்தேன். ஆதாரு குடுத்தேன், கார்டுல இருந்த நம்பரு குடுத்தேன், கடைசியா போன்ல வந்த ஆறு நம்பரையும் சொன்னேன். காயி வித்த பணம் மொத்தமும் அன்னிக்கு சாயங்காலமே போயிடுச்சு."

"புகார் குடுத்தீங்களாம்மா?"

"மறுநாளு போனேன். பேங்க்ல, நீயே சொல்லிட்டு எங்களக் கேட்டா இன்னா பண்றதுன்னாங்க. ஸ்டேசன்ல ஒருத்தரு, உடனே கூப்ட்டிருந்தா பணத்த நிறுத்தி வெச்சிருக்கலாமே, ஒரு ராத்திரி தூங்கிட்டியேம்மான்னாரு. நான் எங்க கண்ணு தூங்கினேன்?"

முப்பத்துநான்காவது கேள்வி, ஏமாற்றப்பட்டால் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பது. முப்பத்தொன்பது வீட்டிலும் அதற்கு 'தெரியாது'தான் பதில். இரண்டு பேர் ஆம்புலன்ஸ் நம்பரைச் சொன்னார்கள், அதையும் தெரியாதில்தான் சேர்த்திருந்தாள். நஞ்சம்மா தன் போனைத் திருப்பிக் காட்டினாள். அதன் முதுகில் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 1930 என்று எழுதியிருந்தது. நாலைந்து தரம் அதன்மேலேயே எழுதி அழுத்தமாக்கியிருந்தாள்.

பதினோரு நாளில் இப்போதுதான் ஒரு மனுஷி நிஜமாகப் பதில் சொல்கிறாள். மற்றதெல்லாம் குப்பை, இந்த ஒன்றுதான் படிவம் என்று வீரலட்சுமிக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை விடாமல் தட்டி ஏற்றினாள். மூன்று மணிக்கு எல்லாம் முடிந்து, கடைசிப் பொத்தானை அழுத்தினாள். நஞ்சம்மாவின் போன் சிணுங்கியது.

"அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும்..." என்று தொடங்கியவள், தன் குரலைத் தானே கேட்டு நிறுத்தினாள்.

நஞ்சம்மா போனைக் கிரேட்டின் மேல் கவிழ்த்து வைத்தாள். கோபமே இல்லை. "அது வேணாம் கண்ணு."

"இது பேங்க் நம்பர் இல்லம்மா. நான் இங்கன வந்தேன்னு ஆபீசுக்குத் தெரியணும், அதுக்குத்தான்."

"இருக்கலாம். நீ நல்ல பொண்ணாட்டந்தான் தெரியுது. அவளும் அப்பிடித்தான் தெரிஞ்சா."

கெஞ்சிப் பார்த்தாள். அட்டையைக் கழற்றிக் காட்டினாள், ஆபீஸ் நம்பரைத் தந்து பேசச் சொன்னாள். நஞ்சம்மா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினாள், எண்ணை மட்டும் சொல்லவில்லை. சூடு கண்ட பூனை. அவளைக் குறை சொல்ல முடியுமா? முப்பத்தோராவது கேள்விக்கு வாயால் மட்டும் பதில் சொல்லாத ஒரே ஆள் அவள்தானே.

வீரலட்சுமி தள்ளிப் போய் சூப்பர்வைசர் கமலக்கண்ணனைக் கூப்பிட்டாள்.

"மறுத்தாங்கன்னு போட்டுடும்மா" என்றார் அவர்.

"போட்டா அவங்க சொன்ன பதிலெல்லாம் என்ன சார் ஆகும்?"

"அழிஞ்சிடும். உன் கட்டும் முப்பத்தொன்பதோட நின்னுடும். பாத்துக்க."

"சார், நெசமாவே ஏமாந்தவங்க சார். எல்லாத்துக்கும் சரியாச் சொன்னது இவங்க ஒருத்தர்தான். ஓ.டி.பி. சொல்வீங்களான்னு நாமளே கேள்வி கேட்டுட்டு, அதச் சொன்னாத்தான் படிவம் ஏறும்னா இது என்ன நியாயம்? சொல்லாதவங்க ஒருத்தர்கூட ரிப்போர்ட்ல வர மாட்டாங்களே!"

கமலக்கண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நீ சொல்றது புரியுது. அத நானும் ஒரு தரம் மீட்டிங்ல கேட்டேன். இப்ப மணி மூணரை. நாப்பதா, முப்பத்தொன்பதா, அத மட்டும் சொல்லு."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். ஊரெல்லாம் சொன்ன மூணு பத்திரமாக ஏறி உட்கார்ந்திருக்கும். நஞ்சம்மா சொன்ன அஞ்சு காற்றோடு போய்விடும். பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து அதை வைத்துத்தான் மக்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எழுதுவார்கள்.

அவள் திரும்பி வந்தபோது தோப்பு வாசலில் டெம்போ ஹாரன் அடித்தது. "காயி ஏத்த வந்துட்டான். கேட்டத் தொறந்து உட்டுட்டு வரேன், இரு கண்ணு" என்று நஞ்சம்மா எழுந்து போனாள். போனை எடுத்துக்கொள்ளவில்லை.

1930 என்ற எழுத்து மேலே பார்த்தபடி போன் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு வீரலட்சுமி உட்கார்ந்திருந்தாள். இது அவளுடைய பதில்தானே, அது போய்ச் சேர வேண்டாமா என்று சொல்லிக்கொண்டாள். இதனால் ஒரு ரூபாய்கூடப் போகாது என்றும் சொல்லிக்கொண்டாள். இரண்டுமே உண்மைதான். போனைத் திருப்பினாள். பக்கத்துப் பொத்தானை அழுத்தியதும் பூட்டிய திரையின் மேலேயே ஆறு எண்களும் தெரிந்தன. டேப்லெட்டில் தட்டினாள். பச்சை டிக் விழுந்தது. போனைப் பழையபடி கவிழ்த்து வைத்தாள்.

நஞ்சம்மா ஒரு சொம்பு மோரோடு வந்தாள். "கோச்சிக்காத கண்ணு. நம்பரு தரலியேன்னு வருத்தப்படாத. இந்தா, குடி."

வீரலட்சுமி சொம்பை வாங்கினாள். வாயருகே கொண்டுபோகும்போது அவள் டேப்லெட்டில் செய்தி வந்தது. 'நாற்பதுக்கு நாற்பது. வாழ்த்துகள்.' கமலக்கண்ணன்தான். அதே சமயம் நஞ்சம்மாவின் போனும் சிணுங்கியது.

இப்படி ஒன்று வரும் என்பதை வீரலட்சுமி மறந்தே போயிருந்தாள். முப்பத்தொன்பது வீட்டிலும் அவள் தெருவில் இறங்கிய பிறகுதான் அது வந்திருக்கும்.

நஞ்சம்மா எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். "உங்கள்... ஓ.டி.பி.... சரி பார்க்கப்... பட்டது. வங்கி மோசடி... விழிப்புணர்வு ஆய்வில்... பங்கேற்றமைக்கு... நன்றி."

மறுபடி ஒரு தரம் மனதுக்குள் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான் சொல்லலியே."

மோர் கையிலேயே இருந்தது. அதைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. "நான்தாம்மா பாத்தேன். மன்னிச்சுக்கங்க. நீங்க சொன்னது வீணாப் போயிரக் கூடாதுன்னுதான்... ஒங்க நல்லதுக்குத்தாம்மா."

"அவளும் அதேதான் சொன்னா" என்றாள் நஞ்சம்மா. "உன்னைய நம்பிப் போன வெச்சிட்டுப் போனனே. மோரு எடுத்துக்கினு வந்தனே."

"சத்தியமா இதுல பணம் போகாதும்மா!"

"போவுமோ, போவாதோ. எனக்கு எப்பிடித் தெரியும்? சொல்லு, எப்பிடித் தெரியும்?"

கேள்வி சரியான கேள்வி. வீரலட்சுமியின் டேப்லெட்டிலிருக்கும் நாற்பத்திரண்டு கேள்விகளில் அது இல்லை.

நஞ்சம்மா போனைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். விரலை ஒவ்வோர் எண்ணாக வைத்து ஒத்துப் பார்த்துவிட்டு, மறுபடி திருப்பி, ஒன்று, ஒன்பது, மூன்று, சைபர் என்று வாய்விட்டுச் சொல்லி அழுத்தினாள். இந்த முறை ஒரு ராத்திரியைக்கூட விட அவள் தயாராக இல்லை. ஸ்பீக்கரைப் போட்டாள். இரண்டு தரம் மணி அடித்தது. ஒரு பெண் குரல் எடுத்து, என்ன நடந்தது என்று கேட்டது.

"நம்பர எடுத்துட்டாங்க. இப்பத்தான், அஞ்சு நிமிசம்கூட ஆவல. ஆளு இங்கதான் இருக்குது."

அந்தக் குரல், அந்த ஆளின் பெயர் தெரியுமா என்று கேட்டது.

"அட்டையக் காட்டு கண்ணு" என்றாள் நஞ்சம்மா.

வீரலட்சுமி சொம்பைக் கீழே வைத்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கையில் தூக்கி, அவளுக்குப் படிக்க வசதியாக வெளிச்சத்தில் பிடித்தாள்.