முதுகில் எழுதிய குறைகள்

“நீங்க தலைப்பக்கம் பிடிங்க மாமா, நான் கால்பக்கம் பிடிச்சுக்கறேன்” என்றாள் அக்கா மகள்.

“இதுல எது தலை, எது கால்னு வரைஞ்சவளுக்கே தெரியாது. சும்மா தூக்கு” என்றார் துணிக்கடைக்காரர்.

ஆளுயரப் படம். இருவரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து அதைப் பின்னறைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வண்டி அக்காவின் உடலோடு வந்துவிடும். அவளைக் கூடத்தில் கிடத்த வேண்டும். கூடம் முழுக்க அவள் வரைந்த படங்கள். தனக்கென்று ஆறடி இடம்கூட மிச்சம் வைக்காமல் போயிருக்கிறாள். கடையில் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த வெள்ளைத் துணியைக் காலையில் எடுத்து வந்திருந்தார். அதை விரிக்கவும் இடம் வேண்டுமே.

எட்டாவது படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கும்போதுதான் அதன் முதுகில் கரிக்குச்சியால் எழுதியிருந்ததைப் பார்த்தார். ‘ரெண்டு நாய் சண்டை போட்ட மெத்தை.’ அடுத்ததில், ‘தண்ணியில போட்டா சாயம் நிக்காது.’ அதற்கும் அடுத்ததில், ‘வெறுந்துணியாவே விட்டிருக்கலாம்.’

“இதெல்லாம் நான் சொன்னதில்ல?”

“அதைத்தானே அம்மா படத்துக்குப் பேரா வெப்பாங்க. கண்காட்சிக்கு வந்தா டீ டம்ளரோட வாசல்லயே நின்னுடுவீங்க, அப்புறம் எப்படித் தெரியும்?”

“ஊர் சிரிக்கட்டும்னா?”

“ஐயோ மாமா! நீங்க குறை சொன்னாதான் படம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். ‘நல்லாருக்குக்கா’ன்னு சொல்லிட்டுக் கிளம்பினீங்கன்னா மறுநாளே அதுமேல வெள்ளை பூசிடுவாங்க.”

துணிக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது. அப்பாவின் கடையில் அக்காவும் அவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து கற்ற பாடம் அது. கொள்முதலுக்குப் போனால், பிடிக்காத சரக்கை ‘அருமை’ என்று தட்டிக்கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். மனசில் ஒட்டிக்கொண்ட துணியைத்தான் விரித்து, நூலை இழுத்து, விற்பவன் முகம் வாட வாடக் குறை சொல்ல வேண்டும். தனக்குப் படமே புரியாது என்று நாற்பது வருஷமாகப் பெருமையடித்துத் திரிந்திருக்கிறார். கள்ளி, வாயைத் திறக்காமல் அவர் கண்ணை வைத்தே வேலை வாங்கியிருக்கிறாள்.

அதற்குள் அக்காவின் படங்களை விற்றுத்தரும் கேலரிக்காரர் வந்துவிட்டார். இருவரும் பின்தொடர, நேராக அவள் வரையும் மாடி அறைக்கு ஏறி, தாங்கியில் நின்ற கடைசிப் படத்துக்குப் பத்தடி முன்பே தொடங்கினார்: “அற்புதம்! மகத்தான மௌனம்!”

இவர் வாயைத் திறந்தாலே அக்கா காதுக் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவாள். படத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்பவர்களிடம், “உங்க வீட்ல எந்தச் சுவர் காலியா இருக்கு?” என்பாள்.

“அடுத்த வாரம் நினைவுக் கண்காட்சி. இதை நடுவுல மாட்டறோம்” என்றார் கேலரிக்காரர்.

“முடியாது” என்றாள் மகள். “முதுகு காலியா இருக்கு. பேர் இல்லாத படம் வெளிய போகக் கூடாது, வெள்ளை பூசிடுன்னு அம்மா ஆஸ்பத்திரியில வெச்சு சொல்லிட்டாங்க.” தாங்கிக்குப் பக்கத்தில் வெள்ளை பெயின்ட் டப்பா மூடி திறந்தே இருந்தது. அவள் துணிக்கடைக்காரரைப் பார்த்தாள். “மாமா இன்னும் இதைப் பாக்கல.”

கேலரிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், நல்லாருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை. வண்டியில ஏத்திடறேன்.”

துணிக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை சாம்பல் நிறம், உருட்டிவிட்ட துணிக்கட்டு மாதிரி மடிப்பு மடிப்பாக இறங்கியது. கீழே ஓர் ஓரத்தில் கையகல மஞ்சள். ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி அந்த மஞ்சளை மறைத்துப் பார்த்தார். படம் மொத்தமும் விளக்கணைந்தது போல் செத்துப்போனது. விரலை எடுத்தார். உயிர் வந்தது. மறுபடி மறைத்தார், மறுபடி எடுத்தார். இடது மூலையில் ஒரு தூரிகைக் கோடு வழியிலேயே நின்றிருந்தது. அதற்கப்புறம் வெறுந்துணி.

‘நல்லாருக்குக்கா’ நுனிநாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

“ஓரம் மடிக்கல” என்றார். “மூலையில நூல் தெரியுது. பாதி வேலையில எந்திரிச்சுப் போனவ வேலை மாதிரி இருக்கு.”

“சார்! இன்னிக்குமா?” கேலரிக்காரர் முகம் தொங்கிப்போனது.

மகள் ஏற்கெனவே கரிக்குச்சியோடு படத்துக்குப் பின்னால் போயிருந்தாள். “கடைசி வரி மட்டும் போதுமா மாமா?”

“ஓரத்தையும் சேர்த்து எழுது. குறையில எதுக்குக் குறை வைக்கறே?” டப்பாவின் மூடியை அழுத்தி மூடிவிட்டுக் கேலரிக்காரரிடம் திரும்பினார். “இப்ப ஏத்துங்க. நடுவுலதான் மாட்டணும். பேரைப் பெருசா போடணும்.”

கீழே வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அக்காவைக் கூடத்தில் கிடத்தினார்கள். படங்கள் போன சுவர்கள் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தன. துணிக்கடைக்காரர் வெள்ளைத் துணியை விரித்து, கழுத்துவரை இழுத்துவிட்டு, ஓரத்தைச் செருகினார். பழக்கதோஷத்தில் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு குனிந்தார். கருவி இல்லாத காது என்பதால் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

“ரொம்ப மட்டமான துணிக்கா.”

வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.