வார்னிஷ் பூசாத மோட்டார்

1

தொழிற்பயிற்சி தொழில்துறையை எப்படி வளர்க்கிறது என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். "திறன்மிக்க கரங்களே ஒரு நாட்டின்" என்பது வரை எழுதினேன். அதற்கு மேல் என்னாலேயே நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுக்கப்போன, வார்னிஷ் வாசனையடித்த ஒரு கடையில் காதில் விழுந்ததுதான் இந்தக் கதை.

2

இரண்டு பெண்கள், நாத்தனாரும் அண்ணியும். ஒரே பயிற்சி நிலையம். நாத்தனார் மோட்டாருக்குக் கம்பி சுற்றக் கற்றாள். அண்ணி சிறுதொழில் நடத்தும் வகுப்பில் சேர்ந்தாள்.

(அண்ணியை முதலில் பேராசைக்காரியாக எழுதி, அடித்துவிட்டேன். அவள் வெறுமனே பயந்திருந்தாள். பயத்தை ஏன் நான் பேராசை என்று படிக்கிறேன்?)

இருவரும் மோட்டார் பழுதுபார்க்கும் கடை போட்டார்கள். முதல் வேலை, மாவு மில் மோட்டார். சுற்றி, மாட்டி, ஓடவிட்டார்கள். "பரவாயில்லையே, சத்தம் கம்மியா இருக்கு" என்றார் மில்காரர்.

3

மறுநாள் நாத்தனார் டீயைப் பாதியில் வைத்தாள்.

"அண்ணி, வார்னிஷ் பூசவேயில்ல."

பயிற்சி நிலையத்தில் யாரும் பூசியதில்லை. பூசினால் கம்பி இறுகிவிடும். அடுத்த பேட்ச் அதே மோட்டாரைப் பிரித்துப் பழக முடியாது. வார்னிஷ் பாடத்தில் இருந்தது, கைப்பழக்கத்தில் இல்லை. பூசாத கம்பிகள் அதிர்வில் உரசி உரசி ஒருநாள் எரியும்.

(என் மேசையிலும் பிரிப்பதற்கென்றே சுற்றிய கதைகள் கிடக்கின்றன.)

"இப்ப ஓடுதுல்ல?"

"எரியறவரைக்கும் ஓடும்."

"முதல் வேலையே அரைகுறைன்னு நாமளே போய்ச் சொன்னா எவன் வருவான்? திறந்த கையோட கடையை மூட வேண்டியதுதான்."

"எரிஞ்சப்புறம் மட்டும் வருவாங்களா?"

அண்ணி ஷட்டர் பூட்டைத் தேடினாள். "ஸ்பேனரை எடு, மில்லுக்குப் போவோம். நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறந்து மொத்தத்தையும் கொட்டிடாத."

4

மில்காரர் அவர்களது நேர்மையை மெச்சி ஊரெல்லாம் சொன்னார். (வேண்டாம். இது நான் கைவிட்ட கட்டுரையேதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.)

மில்காரர் அவர்களை விரட்டி

இல்லை, அதற்கும் மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மில் வாசலில் அண்ணி தயார்செய்து வைத்திருந்த சாமர்த்தியமெல்லாம் போன இடம் தெரியவில்லை. மொத்தத்தையும் அவளே கொட்டினாள்.

"ஒரு வேலையை விட்டுட்டோம்ணே. கழட்டணும். நாளைக்கு மாட்டிடுவோம், காசு வேணாம்."

மில்காரர் சுவிட்சில் கை வைத்தபடி, மாவரைக்க நின்ற வரிசையைப் பார்த்தார். "எனக்கென்ன, நிக்கறவங்களக் கேளு."

வரிசையில் முதல் ஆள் நீங்கள். கையில் பை கனக்கிறது. நாத்தனார் ஸ்பேனரோடு உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.