நாற்பது வீடும் ஒரு கிடாரமும்

கோப்பி நல்ல விலைக்குப் போன காலத்தில், கண்டிக்கு வடக்கே அக்குறணையில் பளீல் முதலாளியின் வீட்டில், சுற்றியுள்ள நாற்பது வீட்டுக்குள் யாராவது பசித்திருந்தால் சோறு வேகாது. தண்ணீர் கொதிக்கும், விறகு எரிந்து சாம்பலாகும், அரிசி மட்டும் போட்டபடியே கிடக்கும். பளீலின் மனைவி பஸீஹா மருமகளாக வந்து முதன்முதல் அடுப்பு மூட்டிய நாளிலிருந்தே இப்படித்தான். பக்கத்து வீட்டாரின் உரிமை நாற்பது வீடு வரைக்கும் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள். பசித்தவரைத் தேடிப்பிடித்துச் சாப்பிட அழைத்துவிட்டால் போதும், கால்மணி நேரத்தில் வெந்துவிடும். ஊருக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு தொல்லையாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. மானத்துக்குப் பயந்து வெறும் அடுப்பில் புகை காட்டிக்கொண்டிருந்த வீடுகளெல்லாம் அகப்பட்டுக்கொண்டன. "ஒங்கட பானைக்கு வாய் நீளம்" என்று அடுத்த தெரு சித்தி றலியா சண்டைக்கே வந்தாள். வந்தவள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

பதினெட்டு வருடம் கழித்து மகள் அனீஸாவின் கலியாணம் வந்தது. கண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேர் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் வந்துவிடுவார்கள். ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம் என்பதால், பத்து சஹன் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் அடுப்பில் ஏற்றிய பெரிய சோற்றுக் கிடாரம், வெயில் மலையிலிருந்து இறங்கி முற்றத்துக்கு வந்த பிறகும் வேகவில்லை. வந்தவர்கள் சாப்பிடாமல் திரும்பினால் கலியாணம் அதோடு முறிந்துவிடும் என்பது அடுப்படியில் நின்ற எல்லோருக்கும் தெரியும். பளீல் நாலு பக்கமும் ஆள் அனுப்பினார், லெப்பையே முன்னால் நடந்து வீடு வீடாக எண்ணினார். எல்லா வீட்டிலும் வயிறு நிறைந்திருந்தது. இந்தக் கிடாரத்துக்குப் பயந்து பலர் விடிய முன்னரே இரண்டு தடவை சாப்பிட்டிருந்தார்கள்.

"நாங்க எண்ணினதுல பிழையில்ல, கிடாரத்துலதான் ஏதோ கோளாறு ஈக்கி" என்றார் பளீல்.

"வீடுகளத்தானே எண்ணினீங்க? வீடில்லாதவங்கள எங்க எண்ணினீங்க?" என்றாள் பஸீஹா.

எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. மாத்தளை ரோட்டோரத்துப் பழைய வண்டிக் கொட்டிலில் முந்தின நாள் இரவிலிருந்து மூன்று பேர் கிடந்தார்கள். இந்தியாவிலிருந்து மன்னாரில் வந்திறங்கிக் காடு வழியாகக் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்தவர்கள். காய்ச்சல் கண்டதும் கங்காணி அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பேதியாக இருக்குமோ என்று பயந்து ஊர் ரோட்டின் மறுபக்கமாக நடந்தது. தோட்டங்களுக்கு அரிசி சுமந்த பளீலின் பொதி மாடுகளும் அந்தக் கொட்டிலைத் தாண்டித்தான் போயிருந்தன. பஸீஹாவும் வேலிக்கு மேலால் பார்த்திருந்தாள். இத்தனை வருடமாக இப்படிப்பட்டவர்கள் அந்த ரோட்டால் கடந்து போகிறபோதெல்லாம் அவளுடைய சோறு சற்றுத் தாமதித்தது உண்மை. வீட்டில் அந்தப் பழியை ஈர விறகின் மேல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களக் கலியாண வீட்டுக்குள்ள எடுக்க ஏலா. நோய் பரவினா என்ன செய்யுற?" என்றார் பளீல்.

"அவங்க வர வேணாம். கிடாரம் போகட்டும்."

மூங்கில் கொடுத்து ஆறு பேர் கிடாரத்தைத் தூக்கிப்போய், கொட்டிலுக்கு முன்னால் மூன்று கல்லில் வைத்துத் தீ மூட்டினார்கள். உள்ளே கிடந்த மூவரில் ஒருத்தியான அங்கம்மா தலையைத் தூக்கினாள். "இதுல மாட்டுக்கறிகிறி போட்டிருக்கா தாயி?"

"வெறுஞ்சோறுதான் புள்ள. பருப்பு தனியா ஈக்கி. மூணு பேரும் சாப்பிட வாங்க."

அழைத்த பிறகும் சோறு வேகவில்லை. பஸீஹா சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "இன்னும் யாரு ஈக்கிற?"

"எங்க வீட்டுக்காரரு. வீரையா. அந்த வளைவுக்கு அங்கிட்டு மரத்தடியில கெடக்காரு. நடக்க முடியல. எங்களப் போகச் சொல்லிட்டாரு."

அந்த வளைவு, பளீலின் வீட்டிலிருந்து எண்ணினால் நாற்பது வீட்டுக்கு வெளியே, கொட்டிலிலிருந்து எண்ணினால் உள்ளே. பளீல் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போவம். அங்க வெச்சா வேகும். மாப்பிள்ள வீட்டார் வாற நேரம்." அவர் சொன்னது சரிதான், லெப்பையும் தலையாட்டினார்.

"வேகும்" என்றாள் பஸீஹா. "தெரிஞ்ச பொறகு தின்ன ஏலுமா?"

கிடாரம் மறுபடி மூங்கிலில் ஏறியது, கொட்டிலில் கிடந்த மூவரையும் கூடவே தூக்கிக்கொண்டார்கள். வளைவுக்கு அப்பால் வீரையாவுக்கு எதிரே இறக்கித் தீ மூட்டி அவனை அழைத்ததும் சோறு பொங்கி மூடியைத் தள்ளியது. அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா பாயிஸ் முதலாளி, "நடுரோட்டுலயா கலியாணம்?" என்று சத்தம் போட்டு முப்பது பேரோடு திரும்பிவிட்டார். அனீஸா, சோறு வெந்த இடத்தில்தான் தனக்கு நிக்காஹ் என்று சொல்லியனுப்பினாள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு முதல் சஹனில் உட்கார்ந்தான். வீரையாவுக்கு அதில் கை வைக்கக் கூச்சமாக இருந்தது. மாப்பிள்ளையே அவன் பக்கம் சோற்றை ஒதுக்கிக் கொடுத்தான். கொட்டிலிலிருந்து தூக்கி வரப்பட்ட மூவரில் ஒருவன் அன்று மாலை இறந்துபோனான், பசியோடு இறக்கவில்லை.

மறுநாள் வளைவிலேயே உலை வைத்தார்கள், வேகவில்லை. அங்கிருந்து எண்ணினால், இரவில் நடந்து வந்து சேர்ந்த, பசித்த இன்னொருவர் இருந்தார். பஸீஹா வீடு திரும்பாமல் வடக்கே நடந்தாள். உடம்பு தேறிய வீரையாவும் அங்கம்மாவும் தோட்டத்துக்குப் போகாமல் மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்கள். பளீல் ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, தன் மாடுகளில் பாதியை அவள் பின்னால் அனுப்பினார், மறு வருடம் தானும் போனார். பாயிஸ் முதலாளி பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த சாக்கில் இரண்டு மூட்டை அரிசி இறக்கினார். கிடாரம் சில நாள் அரை மைல் நகரும், சில மாதம் ஒரே இடத்தில் நிற்கும். பிறகு இலைகளில் மஞ்சள் தூள் போல நோய் படிந்து கோப்பி செத்தது. வேலை போனவர்கள் வந்த வழியாலேயே திரும்பி நடந்தார்கள், அப்போது அடுப்பு மாத்தளைக்கு வடக்கே நாலந்தையைத் தாண்டியிருந்தது. பஸீஹாவைத் தேடி அக்குறணைக்கு வருகிறவர்களிடம் ஊரில் யாரைக் கேட்டாலும், வடக்கே போங்கள், சோறு இன்னும் வேகாத இடத்தில் இருப்பாள் என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.