கம்புக்கு இப்பால் வந்த கட்டை

கணேசமூர்த்தி எடுத்த பறவைப் படங்களிலிருந்து ஒரு கட்டையை அவர் மனைவி தேவமலர் அழித்துவிட்டாள் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் புகைப்படச் சங்கத்தின் கண்காட்சிக்கு வரும் படங்களில் எதையும் நீக்கலாகாது என்பது விதி. அவ்விதியை எழுதியவன் நான். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம். இருந்ததை இல்லையென்று காட்டுவது பொய். அதைக் கேட்கவே, எங்கள் ஊரான லூபோக் சீனாவில் அடுத்த தெருவிலிருந்த அவர்கள் வீட்டுக்குப் பிற்பகலில் சென்றேன்.

கணேசமூர்த்தி வெளியே போயிருந்தார். தேவமலர் கணினியின் முன் அமர்ந்திருந்தாள். அவர் எடுத்துவரும் படங்களைத் திருத்துவது அவள் வேலை.

“வாங்க சார். கட்டைக்கு வக்கீலா வந்திருக்கீங்களா?”

“சிரிக்காதேம்மா. அழிக்காத படங்களைக் காட்டு.”

“வெறும் அழுக்குக் கட்டைலா சார். உள்ளான் குருவி காலுக்குப் பின்னால கறுப்பா, அசிங்கமா கெடந்துச்சு. கட்டையப் பாக்கவா ஜனங்க வரப்போறாங்க?”

முணுமுணுத்துக்கொண்டே திறந்தாள். முந்தின நாள் லிங்கி ஆற்றின் முகத்துவாரத்தில், சேற்றில் குப்புறப் படுத்தபடி அவர் அடுத்தடுத்து எடுத்த படங்கள். உள்ளான் அலகைச் சேற்றில் செருகுகிறது, புழுவை இழுக்கிறது, புழு நீள்கிறது, சிறகு விரிகிறது. உண்மையாகவே அருமையான படங்கள். கோபம் சற்றுத் தணிந்தது.

“எல்லாத்துலயும் இந்தக் கட்டைய அழிச்சு அழிச்சு அலுத்துப்போச்சு சார். கடைசியில பெருசா வேற ஆயிருச்சு.”

“பெரிதாக ஆயிற்றா? முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வை.”

வைத்தாள். ஆற்றில் மீனவர் நட்டிருந்த கம்பு ஒன்று இரண்டிலும் தெரிந்தது. முதல் படத்தில் கட்டை கம்புக்கு அப்பால் கிடந்தது. கடைசிப் படத்தில் கம்புக்கு இப்பால், கரைக்கு அருகில் கிடந்தது.

“தண்ணி தள்ளிக்கிட்டு வந்திருக்கும்,” என்றாள் தேவமலர்.

“நீர் வற்றும் நேரமம்மா அது. வற்றுகிற நீர் கடலுக்கல்லவா இழுத்துப்போகும்?”

அவள் கட்டையின் மீதிருந்த நிழலை வெளுக்கச் செய்தாள். கறுப்பு சாம்பலாயிற்று. இரண்டு புடைப்புகள் தெரிந்தன. அவற்றின் பின்னே, நீருக்கு மேல், வரிசையாகச் செதில்கள். புடைப்பு ஒன்றில் வெளிச்சத்தின் பொட்டு மின்னியது. அது கண்.

“கணேசமூர்த்தி எங்கே?”

“அங்கதான் சார்... அதே எடத்துக்குத்தான்.” அவள் கைப்பேசியை எடுத்து அழைத்தாள். மறுபடியும் அழைத்தாள். “ஆஃப் பண்ணி வெச்சிருப்பாரு. மணி அடிச்சா பறவ பறந்திரும்னு. காடிய எடுங்க சார்!”

என் காரில் வழி நெடுக அவள் அழைத்துக்கொண்டே இருந்தாள். செம்பனைத் தோட்டங்களுக்கிடையே எனக்கு முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. வளைவென்றும் பாராமல் அதை முந்தினேன். வாழ்நாளில் அப்படிச் செய்ததில்லை.

கரையில் வண்டியை நிறுத்தியபோது தூரத்தில், நீரின் விளிம்பில், ஒரு பச்சைத் துணி மேடாகத் தெரிந்தது. அதைப் போர்த்திக்கொண்டு அவர் படுத்திருந்தார். அவருக்கு முன்னால் உள்ளான்கள் மேய்ந்தன. அவற்றுக்கு அப்பால் நீர் கலங்கலாக, அசைவின்றி இருந்தது.

தேவமலர் கத்தினாள். காற்று எதிராக வீசியது. துணிக்கடியிலிருந்து ஒரு கை மட்டும் உயர்ந்து, பேசாதே என்று ஆட்டிவிட்டு உள்ளே போயிற்று. அவள் சேற்றில் இறங்கினாள், முழங்கால்வரை புதைந்தாள். நான் கார் ஹார்னை அழுத்தினேன். கையை எடுக்கவில்லை.

பறவைகள் ஒன்றாக எழுந்து பறந்தன. அவர் எழவில்லை. அவை திரும்பி வந்து இறங்கும் என்று காத்திருந்தார். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் துணியை உதறிவிட்டு, கேமராவை மார்போடு அணைத்தபடி எழுந்து எங்களை நோக்கி வந்தார்.

“எந்த மடையன்டா அது? சார், நீங்களா! படிச்சவரு செய்யுற வேலையா இது? ஒரு மாசமாக் காத்துக் கெடந்தேன்லா!”

“இங்க வாங்க! முதலைங்க!” தேவமலரின் குரல் உடைந்தது.

“முதலையாம்! உனக்கு என்னா, வெயில் ஏறிருச்சா? துணிய எடுத்துக்கிட்டு வரேன், நில்லு.”

அவர் திரும்பினார். அவள் பாய்ந்து அவர் சட்டையைப் பற்றினாள். இருவரும் சேற்றில் விழுந்தனர்.

அப்போது அந்தத் துணியின் ஒரு முனை நீருக்குள் இழுபட்டது. பிறகு முழுத் துணியும், அவர் படுத்திருந்த பள்ளத்தைக் கடந்து, ஓசையின்றி உள்ளே போயிற்று.

திட்டிக்கொண்டிருந்த கணேசமூர்த்தி பாதிச் சொல்லில் நின்றார். மூவரும் காருக்குள் ஏறிக் கதவுகளைச் சாத்திய பின்னும், அவர் தம் மனைவியின் மணிக்கட்டை விடவில்லை.