குளிப்பாட்ட வைத்த வெந்நீர்

மருத்துவ உதவியாளர் குமுதவல்லி வந்தது சாவை உறுதி செய்து எழுதிக் கொடுக்கத்தான். புக்கிட் பெலண்டோக் கிளினிக்கிலிருந்து எஸ்டேட்டுக்குக் காரில் பத்து நிமிடம். அதற்குள் மாயாண்டியின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார்கள். அந்த எஸ்டேட்டில் இழவு விழுந்தால் எல்லாம் தங்கராஜுதான். அவர் போட்ட கட்டை இதுவரை யாரும் அவிழ்த்ததில்லை.

"ராத்திரி மழையில பாரிட்டு வாய்க்கா தண்ணியில விழுந்து கெடந்திருக்காரு மிஸ்ஸி. மவன் காலையிலதான் பாத்தான். வெறச்சுப் போச்சு லா," என்றார்.

உடம்பு விறைத்துத்தான் இருந்தது. வெப்பமானி எண்ணே காட்டவில்லை. மணிக்கட்டில் நாடி இல்லை. ஆனாலும் குமுதவல்லி கழுத்தில் விரலை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். மாயாண்டியின் மனைவி மயிலம்மாள் அழுகையை நிறுத்திவிட்டாள். முழுதாக ஒரு நிமிடம். இருபத்திரண்டு துடிப்பு.

"கட்ட அவுருங்க. உசுரு இருக்கு."

தங்கராஜுவின் முகத்தில் முதலில் வந்தது மனத்தாங்கல்தான்.

மகன் தர்மராஜ் தைலத்தை எடுத்துக்கொண்டு காலைத் தேய்க்க ஓடிவந்தான். மயிலம்மாள் காப்பியோடு வந்தாள். குமுதவல்லி இருவரையும் தடுத்தாள். "தேய்க்காதீங்க, தூக்காதீங்க. ஒரு குலுக்கல் போதும், நெஞ்சு நின்னுடும். வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க."

ஈரத் துணியைக் கத்தரித்து எடுத்து, நெஞ்சையும் தலையையும் கம்பளியால் சுற்றினாள். போனில் கேட்டதற்கு, பெரியாஸ்பத்திரிப் பாதையில் வெள்ளம், ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடமாகும் என்றார்கள். இரண்டாம் முறைதான் ஊசி நரம்பில் ஏறியது. கையிலிருந்த டிரிப் பைகளோ கார் ஏர்கோனில் சில்லிட்டுக் கிடந்தன. அதை அப்படியே ஏற்றினால் தானே கொன்றதாகிவிடும் என்று பயந்தாள்.

கொல்லையில் விறகடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. பிணத்தைக் குளிப்பாட்ட வைத்த தண்ணீர்.

"அந்தத் தண்ணி வேணும்."

மயிலம்மாள்தான் எழுந்து போய் வாளியில் மொண்டு வந்தாள். குமுதவல்லி மணிக்கட்டு தாங்கும்வரை பச்சைத் தண்ணீர் கலந்து, பைகளை அதில் அமிழ்த்தினாள். சூடேறியதும் ஒன்றை மாட்டி, குழாயின் சுருளையும் வாளிக்குள் விட்டாள்.

"வேகமா ஏத்துங்களேன் மிஸ்ஸி," என்றான் தர்மராஜ்.

"மொள்ளதான் ஏத்தணும். ரொம்ப ஏத்துனாலும் நெஞ்சு தாங்காது."

ஆம்புலன்ஸ் வந்தபோது துடிப்பு இருபத்தெட்டு. கண் திறக்கவில்லை. வழியில் துடிப்பு நின்றுபோகலாம் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். தங்கராஜு கால்விரல்களிலிருந்து அவிழ்த்த துணியை எறியாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அடுப்ப அணைக்கவாம்மா?" என்றான் தர்மராஜ்.

"எரியட்டும். அப்பா எப்படி வந்தாலும் குளிக்கணும்ல."

மயிலம்மாள் இன்னொரு விறகை உள்ளே தள்ளினாள்.